தூங்குமூஞ்சி

மதியச் சாப்பாடு முடிந்து அப்பா கட்டிலில் சாய்ந்ததுதான் தாமதம், மகள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அட்டை கிழிந்த பழைய அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள்.

"ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது தன் பாதையிலிருந்து விலகுகிறது!"

தெருவுக்கே கேட்கும் குரல். சமையலறையில் அத்தை துடைத்துக்கொண்டிருந்த தட்டு கையை விட்டு நழுவியது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நாலு நாள் தம்பியோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று முந்தின நாள்தான் வந்திருந்தாள். நேற்றும் இதே கூத்துதான். மகள் குடிநீர் வாரியத்தில் இன்ஜினியர், கை நிறையச் சம்பளம். மதிய இடைவேளையில் ஸ்கூட்டரில் பறந்து வந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, படுத்திருக்கிற அப்பன் காதில் எட்டாம் வகுப்புப் பாடத்தைக் கத்துவதா?

மகள் ஒரு வழியாகப் புத்தகத்தை மூடிவிட்டு, கூடத்துக்கு வந்து செருப்பை மாட்டினாள். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"என்ன அத்தை?"

"உன்னைப் படிக்க வைக்க பாட்டில் ஃபேக்டரி உலையில வெந்தான் அவன். கூடக் கொஞ்சம் சம்பளம் வரும்னு, யாரும் வேண்டாம்னு ஓடற ராத்திரி ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கினான். இப்பவாவது நிம்மதியா ஒரு தூக்கம் தூங்க விடறியா? படிப்பு வந்த அளவுக்கு உனக்கு நன்றி வரலை. நாளைக்கே அவனை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மகள் கோபப்படவில்லை. மாட்டின செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் படிச்சாத்தான் அத்தை அப்பாவுக்குத் தூக்கமே வரும்."

"யார் காதுல பூ சுத்தறே?"

"நெஜமா. அப்போ எங்களுக்கு ஒரே ரூம். எனக்கு மதியத்தோட ஸ்கூல் விட்டுடும். அவர் தூங்கற நேரம்தான் நான் படிக்கற நேரம். எனக்கோ வாய் விட்டுப் படிச்சாத்தான் மண்டையில ஏறும். அவரை எழுப்பக் கூடாதுன்னு மாடிப்படியில போய் உட்கார்ந்தேன். எழுந்து வந்துட்டார். 'உன் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரலை, உள்ளே வந்து படி'ன்னார். காலேஜ் சேர்ற வரைக்கும் அப்படித்தான். நான் படிப்பேன், அவர் குறட்டை விடுவார்."

அத்தைக்கு இது நம்புகிற மாதிரிதான் இருந்தது. தம்பி தூக்கத்தில் சூரன். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவான். விருந்துக்குக் கூப்பிட்டால் வாயில் வைத்த கவளத்தோடு தூங்குவான். அத்தையின் மகள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கி, சம்பந்தி முன்னால் மானத்தை வாங்கினான். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவளே அத்தைதான்.

"ரிட்டயர் ஆனதும் மதியத்துல புரண்டு புரண்டு படுத்தார். மாத்திரை போட்டும் தூக்கம் வரலை. ஒரு நாள் பழைய புத்தகத்தை எடுத்து சத்தமாப் படிச்சேன். உடனே குறட்டை!" மகள் சிரித்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. "எனக்காக எவ்வளவோ விட்டார் அத்தை. திருப்பிக் கொடுக்க என்கிட்ட இருக்கறது இந்தத் தூக்கம் ஒண்ணுதான்."

அவள் படியிறங்கிப் போனாள். அத்தைக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உள்ளே போய்த் தம்பியைப் பார்த்தாள். நல்ல குறட்டை. போர்வையை இழுத்து விட்டாள்.

குறட்டை நின்றது.

"போயிட்டாளா?" அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"அடப்பாவி! நீ தூங்கலையா?"

"அவ கிளம்பினப்புறம்தான் தூங்குவேன். இன்னைக்கு ஏதோ அவசரம் போல. நடுவுல ஒரு பாராவை விட்டுட்டா."

அத்தை அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தூங்கினவனுக்கு எங்கிருந்து பாடம் மனப்பாடமானது?

"அப்போ... அந்தக் காலத்துலயும்..."

"அந்தக் கத்தலுக்கு யாருக்குக்கா தூக்கம் வரும்?" அப்பா சிரித்தார். "மாடிப்படியில போறவன் வர்றவன் எல்லாம் இடிச்சுட்டுப் போவான். புள்ள எப்படிப் படிக்கும்?"

பஸ்ஸும் விருந்தும் கல்யாண வீடும் அத்தையின் நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு வெளியேதான் தம்பிக்குத் தூங்க நேரம் கிடைத்திருக்கிறது. அதற்கும் ஒரு பெயர் வைத்து ஊர் சிரிக்க விட்டிருக்கிறாள்.

"இப்பவாவது அவகிட்ட சொல்லித் தொலையேண்டா."

"சொன்னா, அப்பாவைத் தூங்க விடாமப் படிச்சுட்டோமேன்னு அவளுக்குத் தூக்கம் போயிடும்கா."

வாசல் கதவு திறந்தது. "ஹெல்மெட்டை மறந்துட்டேன்!"

அப்பா சட்டென்று கண்ணை மூடினார். குறட்டை கொஞ்சம் அளவுக்கு மீறியே வந்தது.

மகள் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். குரலைத் தணித்துக் கேட்டாள்.

"நல்லாத் தூங்கறாரா அத்தை?"

அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவனுக்கென்னம்மா, சரியான தூங்குமூஞ்சி. நாளைக்கும் நீ நேரத்தோட வந்து படி."