ஏழரை மணி நேரத் தூரம்

"அம்மா, பிரசவத்துக்குச் சென்னை போகலாம்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். அடுத்த வாரம் ஃப்ளைட் போட்டுக்கட்டுமா?"

இந்த வாரத்தில் ப்ரியா இப்படிக் கேட்பது மூன்றாவது தடவை. கேட்டு வாய் மூடவில்லை, மாமியார் வத்சலா விரலை மடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஜாதவ்பூர்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு பைபாஸ் ட்ராஃபிக்ல ஒன்றரை மணி நேரம். ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய்த் தேவுடு காக்கணும். ஃப்ளைட் ரெண்டரை. பெட்டி வர அரை. அங்கேர்ந்து மாம்பலம் ஒரு மணி. மொத்தம் எத்தனை?"

"ஏழரை."

"ஏழு மாசத்து வயித்தோட ஏழரை மணி நேரம்! கொல்கத்தாலேர்ந்து சென்னை ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்! என்ன விளையாட்டா? தலைப்பிரசவம் இங்கேயே ஆகட்டும். உங்கம்மா வேணா கிளம்பி வரட்டும்."

"அப்பா படுத்த படுக்கையா இருக்காரே, அவரை விட்டுட்டு அம்மா எப்படி வருவா?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லு?"

ப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

மருமகளின் உடம்பு முக்கியம் என்றுதான் வத்சலா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேரக்குழந்தை முகத்தைத் தான்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய சொந்த விஷயம். அதை யாரிடமும் சொல்வதில்லை.

மகள் மேக்னா சென்னையில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் இப்போது ஆறாம் மாசம். அடுத்த மாசம் பிரசவத்துக்கு வருகிறாள் என்று கரியாஹாட் கடைத்தெருவில் தொட்டில்கூட வாங்கியாகிவிட்டது.

போன் அடித்தது. மேக்னாவின் மாமியார் சாவித்ரி.

"மேக்னாவை அங்கே அனுப்பறதா இல்லை, மாமி. தூரம் ஜாஸ்தி. பிரசவம் இங்கேயே ஆகட்டும்."

வத்சலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தூரமா? இதென்ன அநியாயமா இருக்கு! ரெண்டு மணி இருபது நிமிஷம்! ஏறி உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டா கொல்கத்தா. காலம்பற சாப்பிட்ட இட்லி ஜீரணமாறதுக்குள்ள எங்க வீட்டு வாசல்ல நிப்பா!"

"வாசல்லயா? மாம்பலத்துலேர்ந்து ஏர்போர்ட் ஒரு மணி. காத்திருக்க ரெண்டு. ஃப்ளைட் ரெண்டரை. பெட்டிக்கு அரை. உங்க பைபாஸ்ல ஒன்றரை. ஏழரை ஆச்சே, மாமி!"

"நன்னா இருக்கு உங்க கணக்கு! ஏர்போர்ட்ல காத்திண்டிருக்கறதெல்லாமா தூரம்?" வத்சலாவின் குரல் உடைந்தது. "இந்த நேரத்துல பெத்தவ பக்கத்துல இருக்கணும்னு ஒரு பொண்ணுக்கு ஆசை இருக்காதா? உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

சாவித்ரி நிதானமாகச் சொன்னாள்:

"இதையேதான் நேத்து மாம்பலம் காய்கறிக் கடையில ப்ரியாவோட அம்மா என்கிட்ட கேட்டு அழுதா. மேக்னாவுக்கு நான் டிக்கெட் எடுத்து மூணு நாளாச்சு, மாமி. ப்ரியாவுக்கு நீங்க எப்போ எடுக்கப்போறேள்?"