நாற்பதாவது ஸ்கேனர்

முப்பத்தொன்பது முடிந்துவிட்டது.

கிடங்குச் சுவரில் ஒரு தாள், அதில் ஒரு பார்கோடு. ஸ்கேனரை அதன் முன் நீட்டினால் போதும், புது ஆப் தானாக இறங்கிக்கொள்ளும். சிமெண்டுத் தரையில் எத்தனை தடவை விழுந்தாலும் உடையாத முரட்டுச் சாமான். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அதன் ரப்பர் உறையில் காய்ந்திருந்தது.

"உனக்குக் கைராசிம்மா, நீயே போட்டுரு" என்றிருந்தார் சூப்பர்வைசர் தவமணி அண்ணன். எதற்கு என்று இவள் கேட்டாள். பேட்டரி நெடுநேரம் நிற்க, என்றார். பெண்கள் எல்லோரிடமும் இவளும் அதையே சொன்னாள்.

நாற்பதாவது, ஜெபக்கனியுடையது.

சரியாக இறங்கியிருக்கிறதா என்று சும்மா திறந்து பார்த்தாள்.

'இரண்டு ஸ்கேனர்கள் ஒரே ஆளோடு நகர்ந்தால், இருவர் பெயரும் மேனேஜருக்குப் போகும்.'

மறுபடி படித்தாள்.

ஐந்து நிமிடம் எந்தப் பெட்டியையும் ஸ்கேன் செய்யாவிட்டால் மேனேஜர் அறையில் மணி அடிக்கும். ஜெபக்கனிக்கு ஏழாம் மாதம். மதியத்துக்கு மேல் கால் வீங்கிவிடும். அடுக்குக்குப் பின்னால் பத்து நிமிடம் காலை நீட்டி உட்காருவாள். அந்தப் பத்து நிமிடமும் இவள் கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று. மாற்றி மாற்றி ஸ்கேன் செய்வாள்.

இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம்.

இல்லை, மூன்று.

போன மாதம் சாப்பிடும்போது இவள்தான் வாய் தவறிச் சொன்னாள். வாய் தவறி என்ன, நம்பித்தான் சொன்னாள். இவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே தவமணி அண்ணன், "பாவம் அந்தப் புள்ள. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்" என்றார்.

பாவி. தின்ற சோறு எப்படிச் செரித்தது?

அதையும் இவள் கையாலேயே போட வைத்தாரே.

அவர் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். இவள் பார்ப்பது தெரிந்ததும் ஏதோ தாளைப் புரட்டினார்.

ஜெபக்கனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்கேனரை வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாலேயே அடுக்கின் பக்கம் காட்டினாள்.

போ என்று தலையாட்டினாள் இவள்.

பிறகு எழுந்து மேஜைக்குப் போனாள். ஜெபக்கனியின் ஸ்கேனரைத் தவமணி அண்ணன் கழுத்தில் மாட்டினாள். பட்டையை அவர் சட்டைக் காலருக்குக் கீழே நேராக இழுத்துவிட்டாள்.

"பத்து நிமிஷந்தாண்ணே. ஆளுக்கு ஒண்ணுதானே வெச்சிருக்கோம்."

அவருக்கு முகம் வெளுத்துப்போனது.

தன் ஸ்கேனரோடு தன் வரிசைக்கு வந்தாள். ஒரு பெட்டி. இன்னொரு பெட்டி. கை வேலை செய்தது, காது அங்கேயே இருந்தது.

மூன்று நிமிடம் போனது.

அடுக்குக்குப் பின்னால் ஜெபக்கனி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

நான்கு. ஐந்தானால் மேனேஜர் அறையில் மணி.

அவர் பக்கமிருந்து இன்னும் ஒரு பீப் கூட வரவில்லை.