ஒரு பைக்கு இரண்டரை ரூபாய்

"நடுவுல யாரோ உக்காந்துண்டு திங்கறான் சாதனா. அந்தப் பேர் எனக்கு வேணும்."

ஐரோலி ஆபீசில் மேனேஜர் வெங்கடேஸ்வரன் ஒரு துணிப்பையை மேஜைமேல் போட்டார்.

"இதுக்குக் கைப்பிடி தைக்க தாராவிப் பட்டறைக்கு ஆறு ரூபா குடுக்கறோம். பட்டறைக்காரன் ஒண்ணை எடுத்துண்டு அஞ்சை வெளியில குடுக்கறான். வீட்டுல உக்காந்து தைக்கறவா கைக்குப் போறது ரெண்டரை. குடும்பம் நடத்தற அளவுக்குக் கூலி கிடைக்கறதான்னு நம்ம கஸ்டமர் கேக்கறான். என்ன பதில் சொல்லட்டும்?"

"பட்டறையில கேட்டீங்களா சார்?"

"தெரியாதுங்கறான். நீ தாராவிப் பொண்ணு. தைக்கறவா உன்கிட்டன்னா பேசுவா."

சாதனா வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான். வீட்டில் முதல் பட்டதாரி.

"எங்கம்மாவும் பட்டறைல மூட்டை சுமக்கிறவங்கதான் சார். இதை விடக் கூடாது. பேரோட வரேன்."

சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில், பை தைக்கும் ஹாஃபிஸாவின் வீட்டில் தையல் மிஷின் போக மிச்சமிருந்த இடத்தில் சாதனா உட்கார்ந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பை தைப்பீங்க?"

"எம்பது. கண்ணு நல்லாருந்தா தொண்ணூறு."

"நூல் யாரு தர்றாங்க?"

"நம்ம நூலுதான். கரண்டும் நம்மளுது."

சாதனா மனதுக்குள் பெருக்கினாள். இங்கே வர டாக்சிக்கு ஆபீஸ் கொடுத்த பணமே அதைவிட அதிகம்.

"இதுல எப்படிங்க வீடு ஓடுது?"

"அவுக சம்பளம் வாடகைக்கும் கேஸுக்கும் போயிரும். இதுல அரிசி. சின்னவள ஸ்கூல் வேன்லேர்ந்து நிறுத்தியாச்சு, நடந்து போறா. பாலை நிறுத்தியாச்சு. இனி நிறுத்துறதுக்கு இந்த மிஷினுதான் இருக்கு" என்று ஹாஃபிஸா சிரித்தாள்.

சாதனாவால் சிரிக்க முடியவில்லை.

"பட்டறையில உங்களுக்குன்னு தர்றது பைக்கு அஞ்சு ரூபா. பாதியை நடுவுல எடுத்துக்கிறாங்க. தெரியுமா?"

ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

"அஞ்சா?"

"ஆமா."

"கொஞ்சம் எடுக்கான்னு தெரியும். பாதின்னு தெரியாது."

"பேரைச் சொல்லுங்க. இனிமே அவங்க கைக்கு ஒரு பை போகாது."

 ஹாஃபிஸா மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"வேணாம்மா. அவளும் பொட்டப்புள்ளைய வச்சிக்கிட்டு அல்லாடுறவ. மூட்டையத் தலையில வச்சித்தான் கொண்டாறா. நேத்துகூட இதை இறக்கி வச்சிட்டு அஞ்சு நிமிசம் பேச முடியல அவளால. அம்புட்டு மூச்சிரைப்பு."

சாதனா திரும்பிப் பார்த்தாள்.

மூலையில் இருந்த மூட்டை ஒரு நீலநிறப் படுக்கை விரிப்பில் கட்டியிருந்தது. முடிச்சுக்குக் கீழே இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு.

இன்டர்வியூ அன்று காலை, அவசரத்தில் பெட்டியை எடுக்க மறந்து சாதனா சுட்ட தழும்பு. 'போனாப் போவுது. ஒனக்கு வேலை கெடச்சாப் போதும்' என்று அம்மா பூமாரி அந்த விரிப்பை மடித்து வைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

போன் அடித்தது. வெங்கடேஸ்வரன்.

சாதனா எடுக்கவில்லை. மடியிலிருந்த படிவத்தில் 'இடைத்தரகர் பெயர்' என்ற இடம் காலியாக இருந்தது.

"கோவப்படாதீங்கம்மா" என்றாள் ஹாஃபிஸா. "மவளுக்குக் காலேஜ் பீஸு கட்டுனவ. அது படிச்சி ஒரு வேலைக்குப் போயிட்டா ஒனக்குக் கூலிய ஏத்தித் தாரேன்னு சொல்லிருக்கா. நாலு வருசமா அஞ்சு நேரத் தொழுகையிலயும் அந்தப் புள்ளைக்கு துவா செய்றேன். நேத்துகூடக் கேட்டேன், இன்னும் வேலை கெடைக்கலையாம். உங்க ஆபீஸ்ல எதுனா இருந்தா அதுக்குப் பாத்துக் குடுங்கம்மா."