கேட்டுக்கு வெளியே நின்றவர்

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. திண்டுக்கல்லில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப்பள்ளி அது. விடுதிப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து கூட்டிப்போகும் நேரம். அறிவுச்செல்வி டீச்சர் சாணார்பட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். வாட்ச்மேன் அந்தோணிராஜ் கேட்டைத் திறக்கவில்லை.

“பள்ளிக்கூட விவரத்த இணையத்துல புதுசா ஏத்தியிருக்காக. உங்க பேரு பத்தாங்கிளாஸ் பிள்ளைகளோட கெடக்கு டீச்சர். உங்க அப்பா படங்கூட இருக்கு,” என்று போனைப் பார்த்துச் சிரித்தார். “அவரு வந்தாத்தான் விடுவேன்.”

“அப்ப ஹோம்வொர்க்கும் குடுப்பீகளோ? தொறங்கண்ணே, பஸ்ஸு போயிரும்.”

அந்தோணிராஜின் சிரிப்பு நின்றது. போன மாதம் ஒரு பிள்ளையைச் சரிபார்க்காமல் அனுப்பியதில் அவர் வேலையே போகப் பார்த்தது. இப்போது கூட்டிப்போக வருகிறவரின் முகம் படத்தோடு ஒத்துப்போனால்தான் கேட் திறக்கும்.

“திங்கக்கெழம ஹெச்.எம். வந்து திருத்தட்டும். அதுவரைக்கும் ஹாஸ்டல்ல இருங்க.”

ஹெச்.எம். போனை எடுக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசிச் சிறுமி, ‘உங்கப்பா எங்கே?’ என்று சைகையில் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆறு மணிபோல ஒருவர் வந்து, காத்திருக்கும் எல்லா அப்பாக்களையும் போலக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் பச்சைத் துண்டு. போன தையில் அந்தத் துண்டைப் போர்த்தித்தான் அறிவுச்செல்வியின் அப்பாவை அடக்கம் செய்திருந்தார்கள்.

அந்தோணிராஜ் போனையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பூட்டில் சாவியை நுழைத்தார்.

“படம் ஒத்துப்போகுது. உங்கப்பாதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர், தொறந்து விடுறேன்.”