கைக்கடிகாரத்தின் கனம்

கல்லூரியில் இயற்பியல் நடத்திய கதிரவன் தினமும் குளித்துவிட்டு வந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். "சுருள்வில்லுல ஏறுற சக்திக்கும் எடை இருக்கு, பூவிழி. என் கையிலிருந்து போனது இப்ப இதுக்குள்ள கனக்குது. எந்தத் தராசுலயும் தெரியாது, அவ்வளவுதான்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சாவி கொடுத்து முடித்த ஒரு காலையில்தான் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடலைத் தூக்குவதற்குமுன் பூவிழி அவர் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, பக்கவாட்டுத் திருகை வெளியே இழுத்து ஓட்டத்தை நிறுத்தினாள். அவர் ஏற்றியது உள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தாள். காரியம் முடியும்வரை அது அவர் படத்தின் முன்னால் இருந்தது. துடைக்கும்போதும் திருகில் விரல் படாமல்தான் துடைத்தாள். காரியத்துக்கு மறுநாள் கொழுந்தன் செழியன் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணி, அண்ணன் வாட்ச் கெட்டுப்போகல. நேத்து சும்மா திருகை அமுக்கினேன். அண்ணன் கொடுத்த சாவியிலயே ராத்திரி முழுக்க ஓடி, இப்பதான் நின்னுது." சொல்லும்போதே அவன் கண் நிறைந்தது. இறுக இறுகச் சாவி கொடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "ஓடுதா அண்ணி?"

"ஓடுது தம்பி" என்றாள். கையில் எதையும் வைத்ததுபோலவே இல்லை.