கடைசி வளைவு

“அக்கா, இந்தக் கம்ப்யூட்டர் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. புதுசு வாங்கிடுங்க, உங்க பையன் குஷியாயிடுவான்,” என்றான் மெக்கானிக், தூசியை ஊதிக்கொண்டே.

“விளையாடுறது நான்தாம்பா. அந்தப் பழைய கார் ரேஸ் புதுசுல ஓடுமா?”

“ஓடாது. அதை இன்னும் யாருக்கா விளையாடுறாங்க?”

“ரெண்டே பேர். நானும், என் வீட்டுக்காரரா இருந்தவரும். பிரிஞ்சப்புறம் நெட்டுல வேற பேர்ல அவரோட ஆடுறேன். நான்தான்னு அவருக்குத் தெரியாது.”

மெக்கானிக்கின் கை நின்றது.

“போன வாரம் ஒருத்தர் இதே கேமுக்காகப் பழசையே சரிபண்ணச் சொன்னார்க்கா. கூட ஆடுறது யாருன்னு கேட்டேன். ‘பேரை மாத்திக்கிட்டா. ஆனா கடைசி வளைவுல வேகத்தைக் குறைச்சு என்னை ஜெயிக்க விடுறவ உலகத்துலயே ஒருத்திதான்’னார்.”

அவள் தன் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

“அவரோட கம்ப்யூட்டர் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்பா?”