மைனாவுக்குப் போன ஏலக்காய்

"இன்னும் கையைத் தூக்காத ஆளு யாரு? நஜீமாவா?"

சிக்கந்தர் கேட்டதும் போடி ஏலக்காய் வியாபாரிகள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சங்கத் தலைவர் என்பதால் சிக்கந்தர் தன் வலது கையை எல்லோரையும் விட உயரமாகத் தூக்கியிருந்தார். விரலில் பச்சைக்கல் மோதிரம். கல்யாணத்துக்குப் போட்டது, விரல் பருத்துப்போனதால் சோப்பு போட்டு இழுத்தாலும் கழலாது.

"அண்ணே, என் கடை முட்டுச் சந்துக்குள்ள கெடக்கு. ஆடு கூட வழி தப்பித்தான் உள்ள வரும். எனக்கு வர்ற ஆர்டர் பூராம் அந்தப் பெரிய ஆப்ல இருந்துதான். அதை விட்டுட்டு வான்னா நான் எங்கண்ணே போவேன்?"

"காசு கட்டினாத்தான் நம்ம சரக்கை நாலு பேருக்குக் காட்டுறான். நம்ம பேச்சு, படம் எல்லாத்தையும் அள்ளி விக்கிறான். மானமுள்ளவன் அங்க இருப்பானா? எல்லாரும் மைனாவுக்குப் போறோம். சின்ன ஆப்தான், ஆனா சுத்தமான ஆப். நீ ஒருத்தி மட்டும் துரோகம் பண்ணப் போறியா தங்கச்சி?"

துரோகம் என்றதும் நஜீமாவுக்குச் சுருக்கென்றது. தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். அங்கேயே எல்லாரும் பெரிய ஆப்பில் இருந்த தங்கள் கணக்கை அழித்தார்கள். கைதட்டல் வேறு.

மைனா நல்ல இடம்தான். விளம்பரம் இல்லை, சண்டை இல்லை. வாங்குகிற ஆளும் இல்லை. ஏலக்காய் வியாபாரிக்கு இன்னொரு ஏலக்காய் வியாபாரி காலை வணக்கம் சொன்னார். மலையில் மேகம் இறங்கும் படத்தைக் குரங்கணிக்காரர் போட்டால், போடிக்காரர் 'அருமை' என்றார். சிக்கந்தர் மட்டும் நாள் தவறாமல் கொள்கையைப் பற்றி நீளமாக எழுதினார். அதைப் படித்து லைக் போடுவதே நஜீமாவுக்குச் சோலியாகிப் போனது.

கூரியர்காரர் அவள் சந்துக்கு வருவதையே விட்டுவிட்டார். மூட்டைக்குள் ஏலக்காய் பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, வழக்கமாக அவளிடம் வாங்கும் ஈரோட்டுப் பலகாரக் கடை சுந்தரம்மாள் கூப்பிட்டார்.

"ஏனுங்க நஜீமா, நெசமாவே கடையைச் சாத்திட்டீங்களா? மனசு கேக்கலைங்க, அதான் கூப்பிட்டேன்."

"சாத்திட்டேன்னு யாரு சொன்னாங்கக்கா?"

"பழைய ஆப்ல 'பச்சைத் தங்கம்'னு புதுசா ஒரு போடிக் கடை இருக்குதுங்க. அவங்கதான் சொன்னாங்க. 'மத்தவங்க எல்லாம் உங்களை விட்டுட்டு ஓடிட்டாங்க, உங்களுக்காக நாங்க மட்டுந்தான் இருக்கோம்'னாங்க. நான் மட்டும் இல்லீங்க, உங்ககிட்ட வாங்கின எல்லாரும் இப்ப அங்கதான். படம் அனுப்புறேன், பாருங்க."

படத்தில் முகம் இல்லை. ஏலக்காயை அள்ளிக் காட்டும் ஒரு வலது கை மட்டும். நஜீமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அழுகை அதோடு நின்றுபோனது.

மறுநாள் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னாள். கூட்டமே கொதித்தது.

"யாரு அந்தத் துரோகி? சொல்லு நஜீமா!"

"வெளியூர்க்காரன் எவனாவது போடி பேரைச் சொல்லி ஏமாத்துறான். இதுக்குப் போய் ஒரு கூட்டமா? போங்கப்பா, போய் அவங்கவங்க சோலியைப் பாருங்க" என்றார் சிக்கந்தர்.

"இல்லண்ணே, நம்ம ஆளுதான். பேரு போடல. படத்துல வலது கை மட்டுந்தான் இருக்கு." நஜீமா போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அன்னைக்கு உறுதி எடுத்த மாதிரியே எல்லாரும் ஒருக்கா வலது கையைத் தூக்குங்க. வெரசா ஒத்துப் பாத்துருவோம்."

அத்தனை கைகளும் மேலே போயின.

சிக்கந்தரும் தூக்கினார், இடது கையை.